முப்பது வருட நில் ஈசியும் அத்தையின் பதினெட்டில் ஒரு பங்கும்

அப்பா 2016-ல் தவறினார். அடுத்த வருடம், ஊரில் இருந்த வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று அம்மா, நான், தம்பி மூவரும் முடிவு செய்தோம். 12 சென்ட் மனை, நடுவில் ஓட்டு வீடு. பட்டா அப்பா பெயரில் இருந்தது. வீட்டு வரி அவர் பெயரில், மின் இணைப்பும் அவர் பெயரில். 1987 முதல் 2017 வரை 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பார்த்தோம், 'நில்', அதாவது ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. "நில் ஈசி, அப்பா பேர்ல பட்டா, வேற என்னம்மா வேணும்?" என்றார் புரோக்கர். எங்களுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

வாங்க வந்தவர் வங்கிக் கடன் போடுபவர். அதனால் வங்கி சொன்ன வக்கீலிடம் லீகல் ஒப்பீனியனுக்குக் காகிதங்களைக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து நான்கு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில் இருந்ததைப் படித்துவிட்டு அம்மா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் எங்கள் மூவருக்கும் சேர்த்து 18-ல் 10 பங்குதான் உரிமை. மீதி 8 பங்கு சித்தி, சித்தியின் மகள், அத்தை ஆகியோருடையது. அவர்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால்தான் முழுச் சொத்தும் கைமாறும்.

சித்தியின் பங்குகூடப் புரிந்தது. அத்தை எப்படி வந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. "தாத்தா எழுதின பத்திரத்துல அத்தை பேரே கிடையாதேக்கா" என்றான் தம்பி. உண்மைதான். நான் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனேன். அன்று அவர் மேஜையில் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் நண்பர்களும் காட்டிய எத்தனையோ பத்திரங்களைப் படித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு மணி நேரம் உதவியிருக்கிறது.

தாத்தா அந்த மனையை 1961-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கினார். 1978-ல் ஒரு செட்டில்மென்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதினார். அதில் உயிரான வரி இது: "என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் யாதொரு பராதீனமும் செய்யாமல் ஆண்டனுபவித்துக்கொண்டு, அவள் ஆயுளுக்குப் பின் என் குமாரர்கள் இருவரும் சம பாகமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைந்துகொள்ள வேண்டியது."

பராதீனம் என்றால் விற்பது, அடமானம் வைப்பது, தானம் கொடுப்பது என்று சொத்தைப் பிறர் கைக்குக் கொண்டுபோகும் எந்தச் செயலும். ஆக, பாட்டிக்குக் கிடைத்தது உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் மட்டும் உரிமை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. தாத்தா 1983-ல் இறந்தார். சித்தப்பா 1989-ல், பாட்டி உயிரோடு இருக்கும்போதே இறந்தார். பாட்டி 1999-ல் போனார்.

பாட்டிக்கு முன்னாலேயே சித்தப்பா போய்விட்டதால் அவர் பங்கு அவருக்குக் கிடைக்கவே இல்லை, அதனால் முழு வீடும் அப்பாவுக்குத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சித்தியும் அப்படித்தான் நம்பினார். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை.

வக்கீல் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி பத்திரத்தைப் பற்றியதே இல்லை. "சித்தப்பா எப்போம்மா தவறினார்?"

"எண்பத்தொன்பதுல சார்."

"அப்போ பாட்டி இருந்தாங்க இல்லையா?"

"இருந்தாங்க."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இடது பக்கம் பத்திரங்களை வருட வரிசையில் எழுதினார். வலது பக்கம் எங்கள் வம்சாவளியை வரைந்து, பிறந்தவர், இறந்தவர் எல்லோருக்கும் வருடம் போட்டார். அப்புறம் இரண்டுக்கும் நடுவே கோடு இழுக்க ஆரம்பித்தார்.

'அவள் ஆயுளுக்குப் பின்' என்ற சொல் வீட்டுக்குள் எப்போது போகலாம் என்பதைத்தான் சொல்கிறது. உரிமை 1978-லேயே மகன்களுக்கு வந்துவிட்டது. 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 19-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: இப்படி வந்து சேர்ந்த உரிமை, சுவாதீனம் கிடைப்பதற்கு முன் அந்த ஆள் இறந்துவிட்டாலும் அழியாது, அவர் வாரிசுகளுக்குப் போகும். தாத்தா மட்டும் 'அவள் ஆயுளுக்குப் பின் உயிரோடு இருக்கும் குமாரர்கள்' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது சித்தப்பாவின் பங்கு அவர் சாவோடு போயிருக்கும், வீடு முழுக்க அப்பாவுக்கு வந்திருக்கும். இரண்டு சொல் கூடியிருந்தால் சித்திக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகியிருக்கும். அதனால்தான் பத்திரத்தை வேகமாகப் படிக்கக் கூடாது என்கிறேன்.

சரி, சித்தப்பாவின் பாதி யாருக்குப் போயிற்று? சித்தப்பா உயில் எழுதவில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் உண்டு. நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. அப்பா இறந்தால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், இறந்தவரின் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதில்லை. சித்தப்பாவின் பாதி பாட்டி, சித்தி, சித்தியின் மகள் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆளுக்கு 6-ல் 1 பங்கு. மகனிடமிருந்து வாரிசாக வந்த அந்தப் பங்கில் பாட்டிக்கு ஆயுள் உரிமை என்ற கட்டு எதுவும் கிடையாது. முழுச் சொந்தம்.

1999-ல் பாட்டி இறந்தபோது அந்த 6-ல் 1 பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போனது. அப்பாவுக்கு ஒன்று, முன்பே இறந்துபோன சித்தப்பாவுக்காக அவர் மகளுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. 6-ல் 1-ஐ மூன்றாக்கினால் 18-ல் 1. கூட்டிப் பாருங்கள்: அப்பாவுக்கு 9-ம் 1-ம் சேர்த்து 10, சித்திக்கு 3, சித்தியின் மகளுக்கு 3-ம் 1-ம் சேர்த்து 4, அத்தைக்கு 1. மொத்தம் 18. அத்தையின் பங்கு 290 சதுர அடி. தாத்தா எழுதிய பத்திரம் அத்தையைத் தொடவே இல்லை, இரண்டு மரணங்கள் வழியாகச் சுற்றி வந்து அந்த உரிமை அவர் கையில் சேர்ந்திருக்கிறது.

(இந்தக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரியத். அங்கே பங்குகள் வேறு மாதிரி விழும்.)

எங்கள் நில் ஈசியை இப்போது திரும்பப் பாருங்கள். 1987-லிருந்து 2017 வரை அதில் ஒரு பதிவும் இல்லை. அந்த 30 வருடத்தில் வீட்டின் உரிமை மூன்று தடவை கைமாறியிருக்கிறது: 1989-ல் ஒரு பகுதி, 1999-ல் ஒரு பகுதி, 2016-ல் அப்பாவின் பங்கு. மூன்றும் மரணத்தால் நடந்தவை. மரணத்தை யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பத்திரமாகப் பதிவதில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படையான 1978 செட்டில்மென்டும் எங்கள் தேடல் காலத்துக்கு ஒன்பது வருடம் முந்தியது, அதுவும் வரவில்லை. சான்றிதழில் தவறே இல்லை. அந்தக் காலத்தில் அந்தச் சொத்தின் பேரில் எந்தப் பத்திரமும் பதிவாகவில்லை என்று அது உள்ளதைத்தான் சொன்னது. நாங்கள்தான் அதை 'பிரச்சினை இல்லை' என்று படித்துக்கொண்டோம்.

வில்லங்கச் சான்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு நேராது. 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் ஐந்து புத்தகங்கள் உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகத்தில் ஏறும், உயில்கள் 3-ம் புத்தகத்தில், இதர ஆவணங்கள் 4-ம் புத்தகத்தில். நாம் போடும் ஈசி 1-ம் புத்தகத்தைத் தேடி எடுத்தது. அதனால் பதிவான உயில்கூட அதில் வராது. உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, அலமாரியில் மடித்து வைத்த ஒரு தாள் போதும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், முஸ்லிம் குடும்பங்களில் வாய்ச்சொல்லாகக் கொடுக்கும் ஹிபா என்ற தானம், நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் பாக வழக்கு, இவற்றில் பெரும்பாலானவை ஈசிக்கு வெளியேதான் இருக்கும்.

அது தவிர, நீங்கள் கொடுக்கும் சர்வே எண்ணுக்குத்தான் அது பதில் சொல்லும். பழைய பத்திரம் பழைய எண்ணில் இருக்கும், மறு அளவைக்குப் பிறகு எண் மாறியிருக்கும், உட்பிரிவு விழுந்திருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாமலே போகலாம். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு மனு போட்டு மானுவல் ஈசி வாங்க வேண்டும், அலுப்புப் பார்க்கக் கூடாது. 30 வருடம் என்ற கணக்குக்கு 1963-ம் வருடக் காலவரையறைச் சட்டத்தில் காரணம் உண்டு, அடமானத்தை மீட்க வழக்குப் போடவும், அரசு தன் நிலத்தை மீட்கவும் அங்கே 30 வருடம்தான் கெடு. ஆனால் உரிமை எங்கே பிறந்தது என்று பார்க்க அந்த எண் போதாது. தாய்ப்பத்திரம் எந்த வருடமோ அந்த வருடத்திலிருந்து போடுங்கள்.

பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பட்டா யு.டி.ஆர். காலத்தில் வந்தது. நில அளவையும் பதிவேடும் புதுப்பிக்கப்பட்ட அந்த நாட்களில், அதிகாரிகள் வந்தபோது வீட்டு வாசலில் நின்று பதில் சொன்னவர் அப்பா. பாட்டி பெயரும் சித்தப்பா பெயரும் விட்டுப்போயின. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, நிலவரி யாரிடம் கேட்பது என்பதற்கானது. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அப்பா அங்கேயே 30 வருடம் குடியிருந்தாரே, அனுபவ பாத்தியம் வராதா என்று தம்பி கேட்டான். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் குடியிருந்தால் எல்லோருக்காகவும் குடியிருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உனக்கு இங்கே உரிமை இல்லை என்று வெளிப்படையாக மறுத்து வெளியே நிறுத்தியிருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் சித்தியும் அத்தையும் வந்து தங்கிப் போனார்கள்.

பத்திரம் பதிவானதாலேயே உரிமை உறுதியாகிவிட்டது என்பதும் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த 2025 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் பத்திரத்தின் வழியே போகும். நாங்கள் மூவர் மட்டும் 'முழு வீடும்' என்று எழுதிப் பதிந்திருந்தாலும் 18-ல் 10-தான் போயிருக்கும். வாங்கியவர் சித்தியோடும் அத்தையோடும் கூட்டுச் சொந்தக்காரராக நின்றிருப்பார்.

அதனால் ஒரு கிரயப் பத்திரம் கைக்கு வந்தால் நான் முதலில் தொகையையோ விஸ்தீரணத்தையோ பார்ப்பதில்லை. எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியைத் தேடுகிறேன். 'பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' என்று இரண்டே சொல்லில் முடிந்திருந்தால் அங்கே நின்றுவிடுவேன். யாருடைய அப்பா? எப்போது இறந்தார்? அவருக்கு எத்தனை பிள்ளைகள்? கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகள் எங்கே? 'பூர்வீகம்' என்ற சொல்லை நம் ஊரில் அப்பா வழி வந்த எல்லாச் சொத்துக்கும் சொல்கிறோம். சட்டத்தில் அதற்குத் தனி அர்த்தம், பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே உரிமை வரும் சொத்து அது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை மகனுக்குத் தானமாகக் கொடுத்தால் அது தானாகவே பூர்வீகச் சொத்தாக ஆகிவிடாது, கொடுத்தவரின் எண்ணம் என்னவென்று பத்திரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று அருணாசல முதலியார் எதிர் முருகநாத முதலியார் வழக்கில் 1953-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தாத்தா 'சர்வ சுதந்திர பாத்தியத்துடன்' என்று எழுதியதால் சித்தப்பாவின் பாதி அவருடைய தனிச்சொத்து என்று வக்கீல் எடுத்துக்கொண்டார்.

உண்மையான பூர்வீகச் சொத்தாக இருந்தால் தேதிகள் முக்கியம். தமிழ்நாட்டில் 25.3.1989-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகன்களோடு சம உரிமை மாநிலச் சட்டத்தால் வந்தது. 9.9.2005 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20.12.2004-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை இது கலைக்காது. இந்தத் தேதிகளுக்கு இடையே அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினை ஒன்று பத்திரச் சங்கிலியில் இருந்தால், அதை எழுதியவர்களுக்கு அக்கா தங்கைகள் உண்டா என்று கேட்காமல் மேலே போகவே கூடாது.

தாத்தா பத்திரத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்திருக்கலாம் என்றார் வக்கீல். பாட்டிக்குக் கொடுத்த ஆயுள் உரிமை 'ஜீவனாம்சத்துக்காக' என்று எழுதியிருந்தால், 1956 சட்டத்தின் 14-வது பிரிவையும் 1977-ல் வந்த துளசம்மா வழக்கின் தீர்ப்பையும் வைத்து, பாட்டியே முழுச் சொந்தக்காரி ஆகிவிட்டார் என்று வாதாட இடம் உண்டாம். அப்படி நிலைத்திருந்தால் அத்தையின் பங்கு 18-ல் 1-லிருந்து 3-ல் 1-க்குத் தாவியிருக்கும்.

பத்திரத்தின் வகையையும் தலைப்பிலேயே பார்த்துவிட வேண்டும். விடுதலைப் பத்திரம் எழுதுபவர் தன் பங்கை மட்டும் விடுகிறார். கிரய ஒப்பந்தம் உரிமையைத் தராது. பவர் (சொந்தக்காரருக்காகச் செயல்படும் அதிகாரம்) வாங்கியவர் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார், பவரையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு 'வாங்கிவிட்டேன்' என்பவர்களுக்கு அப்படி உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கின் தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள், பொதுவாக அவர் சாவோடு பவர் முடிந்துபோகும். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியது ஈசியில் தெரிந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அசல் பத்திரத்தை மட்டும் கொடுத்தும் அடமானம் வைக்க முடியும் என்பதால்தான் அசலைக் கண்ணால் பார்க்கக் கேட்கிறார்கள். 'அசல் தொலைந்துவிட்டது' என்ற பதிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் நான் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுவேன், எனக்கு அது பிடிக்கும். பழைய பத்திரங்களில் செக்குபந்தி (நான்கு எல்லை) எழுதும் முறை இன்றைய ஆட்களைக் குழப்பும். எங்கள் 1961 பத்திரத்தில் 'ஆசாரி வீட்டுக்கு மேற்கு, கீழ்மேல் வண்டிப்பாதைக்கு வடக்கு' என்று இருக்கிறது. ஆசாரி வீடு நமக்கு மேற்கில் இருக்கிறது என்று படித்துவிடக் கூடாது. ஆசாரி வீட்டுக்கு மேற்கில் நாம் இருக்கிறோம், அதாவது ஆசாரி வீடு நமக்குக் கிழக்கே. வண்டிப்பாதை நமக்குத் தெற்கே. 'கீழ்மேல்' என்பது பாதை கிழக்கு மேற்காக ஓடுவதைச் சொல்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு புதுப் பத்திரத்தில் நான்கு எல்லையையும் மாற்றி எழுதி, பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

எல்லைக்குக் கீழே சின்னதாக வரும் வரிகளும் உரிமைகள்தான். 'பொதுக் கிணற்றில் 3-ல் 1 பாத்தியமும், மேற்படி கிணற்றுக்குப் போய்வரும் நடைபாதை பாத்தியமும்' என்று இருந்தால் அது உங்களுக்கு வருகிறது. பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தில் 'இன்னார் மனை வழியாய்த் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம்' என்று உங்கள் மனையைச் சொல்லியிருந்தால் அது உங்களிடமிருந்து போகிறது. இரண்டாவதை உங்கள் காகிதங்களில் தேடினால் கிடைக்காது. அதனால் முடிந்தால் பக்கத்து மனைப் பத்திரத்தின் நகலையும் போட்டுப் பார்ப்பது நல்லது. 1-ம் புத்தகத்தில் பதிவான எந்தப் பத்திரத்துக்கும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம்.

லீகல் ஒப்பீனியனைப் பொறுத்தவரை, 'உரிமை தெளிவாக உள்ளது' என்ற வரியைத் தேடிப் போகாதீர்கள். எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், அசலா ஜெராக்ஸா, எந்தக் காலத்துக்கு ஈசி பார்த்தார் என்ற பட்டியலைப் படியுங்கள். நீங்கள் கொடுக்காததை அவர் பார்த்திருக்க முடியாது. 'பின்வரும் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் பட்சத்தில்' என்று ஒரு வாக்கியம் இருக்கும், அதற்குக் கீழே இருப்பதுதான் உங்கள் வேலை.

எங்களுக்கு அங்கே ஐந்து ஆவணங்கள் எழுதியிருந்தார். நான்கு பேரின் இறப்புச் சான்றிதழ், அப்புறம் சித்தப்பாவின் வாரிசுச் சான்றிதழ். கடைசியது சித்தியிடம் இருந்தது, 1989-ல் சித்தப்பாவின் வைப்பு நிதியை வாங்குவதற்காகத் தாசில்தாரிடம் எடுத்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு விட்டுக் கிழிய ஆரம்பித்திருந்த அந்தத் தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயர் பாட்டியுடையது, எதிரே 'தாயார்' என்று இருந்தது. சித்தி அதை 28 வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

அம்மா தானே அத்தையிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "எனக்கு எதுக்கு அண்ணி?" என்று அத்தை முதலில் கேட்டார். விடுதலை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்தே கிரயம் எழுதிக் கொடுப்போம், வருவதைப் பதினெட்டாகப் பிரிப்போம் என்றார். 2018 தை மாதத்தில் பதிவு நடந்தது. அத்தை கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தின் முதல் பக்கத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயர் இருக்கும் இடம் வரை விரல் வைத்துப் படித்தார். தாத்தா பெயரைப் போட்டு 'அவர்களின் குமாரத்தி' என்று இருந்தது.

போன மாதம் சும்மா அந்த சர்வே எண்ணுக்கு மறுபடி ஈசி போட்டுப் பார்த்தேன். இப்போது ஒரு பதிவு இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் கட்டத்தில் ஆறு பெயர்கள், ஆறாவது அத்தை.